இத்தாலி வெளிச்சம்

வெளிச்சம் என்ற ஒன்று துணியின்மேல் முதன்முதலாக விழுந்தது இத்தாலி தேசத்தில்தான். அதற்கு முன்னும் சூரியன் உதித்திருக்கலாம், மனிதர்கள் உடுத்தியிருக்கலாம்; ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. சென்ற நூற்றாண்டில் அந்நாட்டுச் சித்திரக்காரர்கள் ஒரு பெண்ணைச் சன்னலோரம் உட்காரவைத்து, அவள் மடியில் ஒரு துணியைப் போட்டு, அதன் மடிப்புகளில் வெளிச்சம் படிப்படியாக இறங்கி வருவதைக் கண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரான ஞானரத்தினம் ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்பை இப்படித்தான் தொடங்குவார். பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பிறகு அவர் மேசைமேல் ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்து, அதை வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பானைமேல் விழும் வெளிச்சத்தைப் பற்றி இத்தாலியர்கள் ஒன்றும் சொன்னதாகத் தெரியாததால் அவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் இத்தாலிக்குப் போனதில்லை. டிராயிங் பரீட்சை எழுத மதராஸுக்கு ஒருதரம் போனார், அதோடு சரி. அவருடைய இத்தாலி முழுவதும் ஒரு மரச்சட்டத்துக்குள் அடங்கி, வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கியது. மிஷனில் நெடுங்காலம் இருந்த ஒரு துரைசாணியம்மாள் சீமைக்குத் திரும்பியபோது தன் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தாள். ஆர்மோனியம் உபதேசியாருக்குப் போயிற்று. இரும்புக் கட்டில் தலைமையாசிரியருக்கு. கம்பிவலை அடித்த அலமாரி சமையல்காரருக்கு. எல்லாம் போனபின் சுவரில் ஓர் அச்சுப்படம் மிஞ்சியிருந்தது. நீங்கள் படம் வரைகிறவர் அல்லவா என்று அதை இவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியேறினாள். கலை தன்னைத் தேடி வந்தது என்று அவர் அன்று முதல் சொல்லி வருகிறார். கட்டிலைக் கேட்கத்தான் போயிருந்தார் என்பதைச் சொல்வதில்லை.

படத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு சீமைப்பெண் சன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைத்துணி ஒன்றின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் அவள் தோளில் இறங்கி, சட்டைக் கையின் சுருக்கங்களில் தயங்கி, முழங்கையில் உடைந்து, நீலப் பாவாடையின் மடிப்புகளுக்குள் போய்த் தேங்கும். தேங்கிய இடத்தில் நீலம் நீலமாக இராது. ஒரு மடிப்பில் சாம்பலாகவும் அடுத்த மடிப்பில் கறுப்பாகவும் இருக்கும். ஆனாலும் பார்க்கிறவனுக்கு அது ஒரே பாவாடை என்பதில் சந்தேகம் வராது. சன்னல் திரை காற்றில் லேசாக உப்பியிருக்கும். அந்தக் காற்று அடுத்த நொடி அவள் நெற்றி முடியைத் தொடப்போகிறது என்று தோன்றும். அடியில் இத்தாலிய எழுத்தில் ஒரு வரி. அதன் பொருள் தெரியாததால் ஞானரத்தினத்துக்கு அதன்மேல் மரியாதை அதிகம்.

அச்சுப்படத்துக்கு வெயில் ஆகாது, சாயம் வெளுத்துவிடும் என்று யாரோ சொல்ல, வெளிச்சத்தைப் பற்றிய அந்தப் படத்தை வெளிச்சத்திடமிருந்து காப்பாற்றுவதற்காக, முன்னறையின் ஒரே சன்னலை அவர் ஆணியடித்துச் சாத்தினார். பார்க்க வருகிறவர்களுக்குப் பட்டப்பகலில் அரிக்கன் லாந்தர் கொளுத்திக் காட்டுவார். மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற அந்தத் தெருவில் முன்னறைக்குள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வது அவர் வீட்டில் மட்டும்தான்.

அவர் மனைவி இன்பம் நாசரேத்துப் பக்கத்துக்காரி. சபைப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சட்டையும் தைத்துக் கொடுப்பாள். முன்னறையில் ஊசி கண்ணுக்குத் தெரியாததால் புறவாசல் படியில் உட்கார்ந்து தைப்பாள். அதாவது, சன்னலோரம் தைக்கிற பெண்ணின் படம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் தைக்கிற பெண்ணுக்குச் சன்னலோரம் இல்லாமல் போயிற்று. இதில் ஞானரத்தினத்துக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. இன்பமும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. படத்தைத் தினமும் துடைத்து வைப்பாள்.

இப்படியிருக்கையில் ராஜபாளையத்திலிருந்து சஞ்சீவி ராஜாவின் ஆள் வந்து கூப்பிட்டான். சஞ்சீவி ராஜாவுக்குப் பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஆலையும் அதைவிடச் சத்தமான ஒரு காரும் இருந்தன. புதிதாக ஒரு மாடிவீடு கட்டி முடித்திருந்தார். அதன் முன்கூடத்தில் சாந்து வாடை இன்னும் போகவில்லை. சஞ்சீவி மலையைப் பார்த்த சன்னல்களில் ஒன்பது நிறக் கண்ணாடி போட்டிருந்ததால் ராஜாவின் முகம் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் இருந்தது.

“பம்பாயில ஒரு சேட்டு வீட்ல பாத்தேன் மாஸ்டர். ஒரு பொம்பள, ஒரு சன்னல், மடியில கொஞ்சம் துணி. வேற ஒண்ணுமில்ல. ஆனா வாற துரை போற துரை அம்புட்டுப் பேரும் அது முன்னாடியே நிக்கான். சேட்டு பீரோவுல வச்சிருந்த வைரத்த ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.”

“இத்தாலிய முறை,” என்றார் ஞானரத்தினம், கண்ணை மூடிக்கொண்டு.

“அதேதான். அது எனக்கு வேணும். எங்க வீட்ல இருக்கவளையே அப்படிப் போட்டுருங்க. கிரகப்பிரவேசத்துக்குத் தூத்துக்குடி கம்பெனித் துரைமாரெல்லாம் வாரான். அதுல ஒரு நாயும் படுத்திருந்துச்சு. நமக்குத்தான் ஊரு நாயே இருக்கே, அதையும் போட்டுருவம்.”

“இத்தாலிய முறையில நாய் கிடையாதுங்க.”

“இருந்துச்சே.”

“அது பிற்பாடு யாராச்சும் சேத்திருப்பாங்க.”

ஞானரத்தினத்துக்கு நாய் வரைய வராது. கால்கள் எப்போதும் மேசைக்கால்களாகிவிடும். பேச்சை மாற்றுவதற்காக, அம்மா எப்போது உட்கார வசதிப்படும் என்று கேட்டார். ராஜா, ஆலைச் சாவியைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அந்த வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. அதனால் என்ன, போட்டோ இருக்கிறது என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்தின்போது மதுரை ஸ்டுடியோவில் எடுத்தது. ராஜா முழுசாக நின்றார். பக்கத்தில் மாலைக்கும் நகைக்கும் நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு முகம் இருந்தது. “மூஞ்சிக்கு இது போதும். சேலைய அனுப்பி வைக்கேன். சேலைதான் மாஸ்டர் முக்கியம். காஞ்சிபுரத்துல சொல்லி நெய்தது.”

இதுவரை களிமண் பானையும் கத்தரிக்காயும் வரைந்து காலம் தள்ளியவருக்கு இது கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் அவருடைய இத்தாலியைக் கேட்டுச் சிரிக்கிற கணக்கு வாத்தியார் முதல், லாந்தர் வெளிச்சத்தில் படம் பார்த்துவிட்டு உம் கொட்டிப் போகிறவர்கள் வரை, எல்லாரும் ஒருநாள் ராஜா வீட்டு முன்கூடத்தில் வாயடைத்து நிற்பார்கள் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் சேலை வந்தது. கூடவே இருளம்மாளும் வந்தாள். ராஜா வீட்டில் வேலை செய்கிறவள். சேலையைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. காலையில் முதல் பஸ்ஸில் சேலைப் பெட்டியோடு இறங்குவாள். சாயங்காலம் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். நடுவில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவாள்.

மயில்கழுத்து நிறம். பாவு நீலம், ஊடை பச்சை. இப்படிப் பார்த்தால் ஒன்று, அப்படித் திருப்பினால் மற்றொன்று. ஞானரத்தினம் சன்னலின் ஆணிகளைப் பிடுங்கினார். வருஷக்கணக்காய்ச் சாத்தியிருந்த கதவு முனகிக்கொண்டு திறந்தது. முன்னறைக்குள் வந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒட்டடை. சேலையை நாற்காலியில் போர்த்திப் பார்த்தார். பட்டு சரிந்து தரையில் விழுந்தது. தலையணைகளை அடுக்கி, அதற்கொரு கயிறு கட்டி, மறுபடி போர்த்தினார்.

“வாத்தியாரய்யா, தப்பா நினைக்காதீக,” என்றாள் இருளம்மாள். “நாற்காலிக்குப் பேறுகால வலி வந்த மாதிரில்லா இருக்கு.”

“நீ சும்மா இரு.”

“சும்மாதான் இருக்கேன். சேலைன்னா அதுக்குள்ள ஒரு இடுப்பு வேண்டாமா? உள்ள ஒரு அம்மா இருக்காகள்ல. அவுக கட்டுனா ஆகாதா?”

ஞானரத்தினம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்பத்தின் உயரம், உட்காரும் வாகு, தோளின் சரிவு இவற்றையெல்லாம் ஒரு நாற்காலியைப் பார்க்கிற கவனத்தோடு பார்த்தார். ஆகும் என்று தோன்றியது. ஆனால் சேலைக்குச் சொந்தக்கார அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றாள் இருளம்மாள். கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தாள்.

“கட்டிக்கிடட்டும்னு சொல்லிட்டாக. கசங்காமப் பாத்துக்கிடணுமாம். பொறவு ஒண்ணு சொன்னாக. அந்தச் சேலைய ஒருத்தர் கட்டியிருந்தா எப்படி இருக்கும்னு பாக்க அவுகளுக்கு ரொம்ப நாளா ஆசையாம். அவுக கட்டுனா அவுக பாக்க முடியாதுல்லா.”

இன்பம் இதைக் கேட்டுச் சிரித்தாள். அடுப்படிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருளம்மாள் அவளுக்கு ராஜா வீட்டு வழக்கப்படி கட்டிவிட்டாள். வெளியே வந்தபோது இன்பத்துக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஞானரத்தினம் அவளைச் சன்னலோரம் உட்காரவைத்து, தைப்பதற்கு ஒரு வெள்ளைத்துணியைக் கையில் கொடுத்து, சீமைப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து அவள் முழங்கையைத் திருத்தினார். மோவாயைத் தாழ்த்தினார். ஒரு கோணம் சரியாக அமைந்ததும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, படம் எழுதும் கித்தானுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார்.

இன்பத்துக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. தன் வீட்டு முன்னறையில் இப்படி ஒரு வெளிச்சம் உண்டு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியாரின் மனைவி உப்புக் கேட்டு ஒரே வாரத்தில் பலமுறை வந்தாள். இன்பம் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் அசைத்து, உப்பு இருக்கும் இடத்தைச் சொன்னாள். பட்டின் எடை மடியில் இருந்தது. அசையும்போதெல்லாம் அது பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மத்தியானத்தில் வெளிச்சம் மடியைவிட்டுத் தரைக்கு இறங்கிவிடும். அப்போது எழுந்து, மாற்றுச்சேலை கட்டிக்கொண்டு, அரிசி களையப் போவாள்.

மூன்றாவதோ நான்காவதோ நாளில் அவள் கேட்டாள். “முகத்தையும் என்னயப் பாத்துத்தான் போடுவியளா?”

“முதல்ல உன் முகத்தைப் போட்டாத்தான் வெளிச்சம் எங்க விழுது, நிழல் எங்க விழுதுன்னு தெரியும். பொறவு அந்தம்மா முகத்தை மேல போட்டுக்கிடலாம். போட்டோ இருக்குல்லா.”

இன்பம் ஊசியைத் துணியில் குத்தி எடுத்தாள். “மேல போட்டாலும் அடியில என் முகம் இருக்கும்லா?”

“இருக்கும். எங்க போயிரும்?”

“அப்பம் சரி.”

அவளுடைய முகம் இதுவரை எங்கேயும் பதிவானதில்லை. கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்ன போட்டோக்காரன் வரவில்லை. பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து எடுத்த குரூப் போட்டோவில் முன்வரிசையில் பாதிரியாரின் மனைவியான ஐயரம்மாவின் சீமைத் தொப்பி இருந்தது. தொப்பிக்கு மேலே இன்பத்தின் வகிடு மட்டும் தெரியும். அந்த வகிடு தன்னுடையதுதான் என்று அவள் சிலரிடம் சொல்லிப் பார்த்தாள், அவர்கள் நம்பவில்லை. ஆகையால், ராஜா வீட்டு மாடியில் வேறொருத்தியின் முகத்துக்கு அடியிலாவது தன் முகம் இருக்கப்போகிறது என்பது அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இருக்கும். அவர் உட்கார்ந்து, பார்த்து, போட்டிருப்பார். அது போதும் என்று நினைத்தாள். முதுகு வலித்தபோதும் அசையாமல் இருந்தாள்.

படம் முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று ஞானரத்தினம் கித்தானுக்குத் திரை போட்டிருந்தார். திரையை விலக்கிய நாளில் இருளம்மாளும் இன்பமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், சேலை நன்றாக வந்திருந்தது. அவரை அறிந்தவர்கள் யாரும் அவரிடம் எதிர்பார்த்திருக்க முடியாத அளவுக்கு நன்றாக வந்திருந்தது. மயில்கழுத்து நிறம் மடிப்புக்கு மடிப்பு மாறியது. தொடைமேல் வெளிச்சம் பட்ட இடத்தில் பச்சை எரிந்தது, முழங்காலுக்குக் கீழே நீலமாக அவிந்தது. கரையில் சரிகை இருக்கிற இடத்தில் அவர் மஞ்சளைத் தடவாமல், அங்கங்கே பொட்டுப் பொட்டாக வைத்திருந்தார். தூரத்திலிருந்து அது மினுங்கிற்று. இருளம்மாள் தன்னை அறியாமல் பெட்டியைத் திறந்து அசல் சேலை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

“இது யாரு?”

“யாருன்னா? இவதான். பேரு வேற சொல்லணுமா?”

இருளம்மாள் இன்பத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “அந்தா தொங்குறாளே, சீமைக்காரி. அவளுக்குப் பொட்டுவச்சு மூக்குத்தி போட்ட மாதிரில்லா இருக்கு.”

ஞானரத்தினம் சிரித்தார். பொதுவாக மனித முகத்தின் அமைப்பு எங்கும் ஒன்றுதான் என்றும், மூக்கு என்பது ஒரு முக்கோணம் என்றும், ரசனை இல்லாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்றும் விளக்கினார். விளக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தார். அந்த மூக்கு அங்கே இருந்தது. அந்த மோவாய் அங்கே இருந்தது. இமை தாழ்ந்து நிழல் விழுந்த விதம், மேலுதட்டின் வளைவு எல்லாம் ஒரு கோடு பிசகாமல் அங்கே இருந்தன. தினமும் காலையில் எதிரே உட்கார்ந்திருந்தவளை அவர் பார்த்தது கழுத்துவரைக்கும்தான். அதற்குமேல் அவருடைய கைக்கு மனப்பாடம் போதுமாயிருந்தது.

இன்பம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“சேலை நல்லாருக்கு,” என்றாள். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டைக் களைந்து, தன் நூல்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, மடித்த சேலையை இருளம்மாள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஞானரத்தினம் அவளை உட்காரச் சொன்னபோது, “சேலைதான் முடிஞ்சிட்டே, இனி நான் எதுக்கு?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். ஞானரத்தினம் கத்தியை எடுத்து முகத்தைச் சுரண்டினார். மயில்கழுத்துப் பட்டும், போட்டோவைப் பார்த்துப் போட்ட நகைகளும், கழுத்துமாக ஓர் உடல் சன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது.

“தலையில்லாம இருக்கதப் பாக்கச் சங்கடமா இருக்கு,” என்றாள் இருளம்மாள். “ஒரு துணியப் போட்டு மூடுங்க. ராவுல கனாவுல வரும்.”

இப்போது அவர் போட்டோவைப் பார்த்து ராஜா வீட்டம்மாவின் முகத்தைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். வேலை முடிந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் பலகையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, சன்னலருகே உட்கார்ந்து, சும்மா பார்ப்போம் என்று இன்பத்தின் முகத்தை ஞாபகத்திலிருந்து போட முயன்றார். சீமைப்பெண் வந்தாள். அழித்துவிட்டு மறுபடி போட்டார். கொஞ்சம் வயதான சீமைப்பெண் வந்தாள். புருவம் நேராக இருக்குமா வளைந்திருக்குமா என்று யோசித்தார். எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார்.

“என்ன வேணும்?” என்றாள் இன்பம்.

“ஒண்ணுமில்ல.”

திரும்பி வந்தார். வளைந்திருந்தது. ஆனால் காதை மறந்துவிட்டார். காதுக்காக மறுபடி எழுந்து போனார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தார். அன்று அவர் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. சாயங்காலம் இன்பமே கேட்டுவிட்டாள். “வயித்துக்கு ஏதும் பண்ணுதா?”

“இன்பம், செத்த நேரம் சன்னல்கிட்ட வந்து உக்காரேன்.”

“ரவிக்கை தைக்கணும். நாளைக்கு வந்து கேப்பா.”

“சரி, நீ தையி. நான் அங்க வாரேன்.”

புறவாசல் படியில் அவள் எப்போதும்போல உட்கார்ந்தாள். அவர் கோழிகளை விரட்டிவிட்டு, கவிழ்த்த உரலின்மேல் உட்கார்ந்துகொண்டார். இத்தாலியச் சித்திரத்துக்கான எந்த லட்சணமும் அங்கே இல்லை. சன்னல் இல்லை, திரை இல்லை. கொடியில் அவருடைய வேட்டி தொங்கிற்று. வேப்பமரம் இலை இலையாக நிழலைச் சிதறவிட்டிருந்தது. மாலை வெயில் நேரே அவள்மேல் விழவில்லை. அது அவள் மடியிலிருந்த வெள்ளை மல்துணியில் விழுந்தது. விழுந்து, அங்கிருந்து மேலே ஏறியது. ஞானரத்தினம் பென்சிலைப் பிடித்தபடி இருந்தார். மேலிருந்து கீழே இறங்குவதுதான் வெளிச்சம் என்று இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியிருந்தார். இங்கே அது துணியிலிருந்து முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஊசியை இழுத்து மடியை அசைக்கும்போதெல்லாம் மோவாயின் அடிப்புறம் துலங்கி மங்கிற்று.

அந்த வெளிச்சத்தில் அவளுடைய இடது கன்னத்திலிருந்து தாடைவரை இருந்த அம்மைத் தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு விளிம்பில் வெளிச்சமும் மறு விளிம்பில் நிழலும் இருந்தன. தழும்பு இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே தரகர் சொல்லித்தான் இருந்தார். அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. காதோரம் நரைத்திருந்தது. நூலைப் பல்லால் கடிக்கும்போது ஒரு கண் சுருங்கிற்று. அவர் போட்டார், அழித்தார், போட்டார். இரண்டு நாள் அழித்ததே அதிகம். மூன்றாம் நாள் கித்தானையே புறவாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கோழி ஒன்று நீலச் சாயத்தில் கால்வைத்து முற்றமெங்கும் நடந்தது. அவர் அதைத் திட்டக்கூட இல்லை.

முடிந்ததும் அவராக அவளைக் கூப்பிடவில்லை. துணி உலர்த்தப் போகிறவள்போல அந்தப் பக்கமாக வந்து நின்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கித்தானில், ராஜா வீட்டுப் பட்டுக்கும் நகைக்கும் மேலே, வெள்ளைத்துணியிலிருந்து ஏறிய வெளிச்சத்தில், அவள் ஊசியைப் பார்த்துக் குனிந்திருந்தாள். தழும்புகள் இருந்தன. கண் லேசாகச் சுருங்கியிருந்தது.

வெகுநேரம் பார்த்தபின் இன்பம் கேட்டாள். “இதுக்கு மேலதான அவிய முகத்தைப் போடணும்?”

“ஈரம் காயல.”

“காயட்டும்.” சிறிது பொறுத்து, “காய்ஞ்ச பொறவும் ஒருநாள் இருக்கட்டும். பொறவு போடுங்க,” என்றாள்.

இதற்கப்புறம் ஞானரத்தினம் செய்ததை வீரம் என்று சொல்லிவிட முடியாது. ஈரம் காய்ந்தது. அவள் கேட்ட ஒருநாளும் கழிந்தது. தூரிகையைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டு, போட்டோவை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கித்தானுக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்றார். புளியங்கொட்டை முகத்தில் கண் எது, கண்மை எது என்று புரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாளையும் அதையே சொன்னார். கிரகப்பிரவேசத்தன்று ராஜாவின் கார் தெருமுனையில் சத்தம்போட்டுக்கொண்டு திரும்பியபோது அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். டிரைவரும் இருளம்மாளும் கித்தானைத் துணியில் சுற்றித் தூக்கினார்கள். இன்பம் வாசல்வரை வந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் காரைப் பார்த்தாள்.

காரில் வழிநெடுக அவர் ஒரு விளக்கம் தயார் செய்தார். இத்தாலிய முறையில் முகம் என்பது ஒரு தனி ஆளைக் குறிப்பதில்லை, இல்லறம் என்ற தத்துவத்தைக் குறிக்கிறது. தழும்பு என்பது தத்துவத்தின் அனுபவம். இதை ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மில் புகைபோக்கி தெரிந்ததும் விளக்கத்தின் நடுப்பகுதி மறந்துவிட்டது. வீட்டில் வேறொருத்தியின் முகத்தை மாட்டிவைத்த குற்றத்துக்கு ராஜா என்ன செய்வார் என்று யோசித்தார். ஊரெல்லாம் சிரிக்கும். கணக்கு வாத்தியார் கடைசிவரைக்கும் சிரிப்பார்.

முன்கூடத்தில் வாழையும் தோரணமும் கட்டியிருந்தது. பருத்திக் கம்பெனித் துரைமார் இருவர் மாலையோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் தெலுங்கில் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டணத்திலிருந்து வரவழைத்த மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாட்டிய படத்தின் துணியைச் சஞ்சீவி ராஜா தன் கையாலேயே இழுத்தார்.

ராஜா சேலையைப் பார்த்தார். குனிந்து கரையைப் பார்த்தார். கரையில் உள்ள மாங்காய்களை விரலால் எண்ணினார். சரிகையைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார், ஒட்டவில்லை. பின்னால் நகர்ந்து நின்றார். ஒன்பது நிறக் கண்ணாடி வழியாக வந்த வெயில் படத்தின்மேல் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது.

“அச்சு அசல்,” என்றார். “எங்க வீட்ல இருக்கவளை அப்படியே உரிச்சு வச்சிட்டீரய்யா.”

உறவுக்காரர்கள் அப்படியே என்றார்கள். பாக உந்தி, நன்றாக இருக்கிறது என்று இரண்டு பாஷையிலும் சொன்னார் ஒரு பெரியவர். காஞ்சிபுரத்தில் எந்தத் தறி என்று விசாரித்தார் இன்னொருவர். துரைகளில் ஒருவர் எழுந்து வந்து, சார்மிங் என்று சொல்லிவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். ராஜா அவரைப் பார்க்காததுபோல எத்தனை நேரம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஞானரத்தினத்துக்கு ஒரு மாலை போட்டார்கள். தயார் செய்திருந்த விளக்கத்துக்கு அவசியமே ஏற்படவில்லை.

மெதுவாக அவருக்குப் பெருமை வந்தது. முழு ராஜபாளையமும் இன்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் தன் மனைவியை ஒரு மாளிகைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தவன் உலகத்தில் தன்னைத் தவிர வேறு யார் என்று எண்ணிக்கொண்டார். இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது, எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுகூட யோசிக்கத் தொடங்கினார்.

அப்போது இருளம்மாள் காப்பி டம்ளரோடு வந்தாள். எல்லாரும் பந்திக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“வாத்தியாரய்யா, அம்மா படத்தைப் பாத்துட்டாக. செத்த முன்னாடி, தாம்பாளம் எடுக்க எல்லாரும் அங்கிட்டுப் போனப்ப.”

ஞானரத்தினத்தின் கையில் டம்ளர் சுட்டது. “என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் நின்னாக. சேலையப் பாக்கவே இல்ல. பொறவு, இருக்கட்டும், ஐயாகிட்ட யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்னாக.” அவள் குரலை இறக்கினாள். “உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாக.”

உள்கட்டுக்குப் போகும் கதவில் மெல்லிய வெள்ளைத்திரை தொங்கிற்று. அதன் பின்னாலிருந்த சன்னலின் வெளிச்சம் திரையில் ஊறியிருந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு நிழல். வளையல் ஒருதரம் ஒலித்து அடங்கியது.

“படத்துல இருக்க அந்தம்மாவுக்கு அம்மை போட்டப்ப என்ன வயசு, கூட இருந்து பாத்துக்கிட்டது யாருன்னு கேக்காக.”

திரையில் நிழல் அசையாமல் காத்திருந்தது. இருளம்மாளும் காத்திருந்தாள். காப்பியில் ஆடை படர்ந்தது.

அவர் அதை இன்பத்திடம் கேட்டதில்லை.